ஒட்டு விழுந்த இடம்

சித்தூர்
9 டிசம்பர் 2024

அன்புத் தம்பி ஸ்டீவனுக்கு,

அக்கா எப்சிபா எழுதுவது. கர்த்தர் தயவால் நானும் சந்தியாவும் சுகம். சுகம் என்றால், முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, சுகர் நூற்றெழுபதில் நிற்கிறது. உனக்கு நெஞ்சுச் சளி கரைந்ததா? திருப்பதியில் ஒண்டிக்கட்டையாக ஹோட்டல் சோற்றைத் தின்றுகொண்டிருந்தால் எங்கே கரையும்!

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். என் பிள்ளை தீனா போன செய்தி போனில்தான் வந்தது. அன்றோடு அந்தச் சனியனை நான் காதில் வைப்பதில்லை. சந்தியாவின் போனிலிருந்து எழுதலாம்தான், ஆனால் அவளும் படிப்பாள். இது அவள் படிக்கக் கூடாதது.

அவளுக்கு இடம் முடிந்துவிட்டது. காட்பாடிப் பையன், நம் சபைதான், நல்ல மாதிரி. ஈஸ்டர் கழிந்ததும் கோவிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பு ஓலை வாசித்து மே மாதம் கல்யாணம். இதெல்லாம் சந்தோஷம். ஆனால் பையனின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பத்திரிகையில பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி லேட்டுன்னு போடறதா, வேணாமான்னு எங்க ஜனங்க கேக்கறாங்க" என்றாள்.

உன் மாமா வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. பாகாலாவுக்குப் பக்கத்தில் வண்டி சறுக்கியதில் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை போனான், ஓட்டிய தகப்பனுக்குத் தோள்பட்டை மட்டும் இறங்கியது. அதன் பிறகு மூன்று மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து போய்விட்டார். வீட்டில் சண்டையில்லை, சச்சரவில்லை. அது உனக்கே தெரியும்.

நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்த ஊர் முழுக்கச் சுற்றுகிறவன். இன்னொரு தடவை தேடிப் பாரடா. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு என் கையால் லேட் போட வேண்டாம். இல்லாத மனுஷனை இருப்பதாகவும் போட வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.
உன் அக்கா

*

திருப்பதி
22 டிசம்பர் 2024

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

நான் நலம். சளி போய்விட்டது, இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கிறது. உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

கடிதம் கிடைத்த மறுநாளே கிளம்பினேன். பெரிய ஆஸ்பத்திரி, ரேணிகுண்டா ஜெபவீடு, ஆதரவற்றோர் இல்லம் இரண்டு, மிஷன் காம்பவுண்டு எல்லாம் பார்த்தாயிற்று. மாமாவின் போட்டோவைக் காட்டினால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ரேணிகுண்டாவில் மட்டும் ஒரு பெரியவர், "தேவானந்தமா? போன வருசம் ஒருத்தர் வந்தாரே" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். அது நெல்லூர்க்கார தேவானந்தம்.

மனசு விட்டுவிடாதே. வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் கண்ணை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மலையேறும் வழி தொடங்குகிற அலிபிரி பக்கம் புதிதாக ஒரு லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். அதன் மாடியிலிருந்து மலையையும் சாலையையும் சேர்த்து ஒரே நீளப் படமாகக் கேட்கிறார்கள். அதற்காகத்தான் டில்ட் ஷிஃப்ட் லென்ஸ் வாங்கினேன், நீ போன தடவை "இது என்னடா பீரங்கி" என்றாயே, அதேதான். சாதாரணமாகக் கேமராவை டிரைபாடில் மாட்டுவோம். இதில் ஒரு வளையம் போட்டு லென்ஸையே டிரைபாடில் பிடித்து வைத்துவிடுவேன். பின்னால் கேமரா மட்டும் இடம், நடு, வலம் என்று நகரும். லென்ஸ் ஒரு நூல்கூட அசையாததால் மூன்று படத்தையும் சேர்த்தால் ஒட்டு தெரியாது. கட்டடமும் சாயாது, மலையும் வளையாது.

ஒரு பிரிண்ட் உனக்கும் அனுப்புகிறேன். கிறிஸ்துமஸ் கேக்கில் எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை, வர முடியாது.

அன்புத் தம்பி
ஸ்டீவன்

*

சித்தூர்
19 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். தைலத்தில் வலி குறைந்த மாதிரி இருக்கிறது, நாற்றம்தான் தெருவையே கூட்டுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? கேக்கை எறும்பு தின்றுவிட்டது, உன் பேரைச் சொல்லி.

படம் வந்தது. அடேயப்பா, நாலடி நீளம்! கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். சந்தியா மலையைப் பார்க்கிறாள், நான் சாலையைப் பார்க்கிறேன். ஆட்டோக்காரன் பல் துலக்குகிறான், ஒரு நாய் குப்புறப் படுத்திருக்கிறது, எல்லாம் தெரிகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இருபத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்திய கண், தப்பு இருந்தால் தானாகப் போய் நிற்கும். சாலையில் மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஆள் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. தலை, தோள், கையில் ஏதோ மூட்டை, எல்லாம் இருக்கிறது. ஆளைக் காணோம்! மனுஷன் இல்லாமல் நிழல் எப்படியடா விழும்? சந்தியாவிடம் காட்டினேன். "மாமாவோட பீரங்கி ஒரு ஆளையே முழுங்கிட்சிம்மா" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

பொங்கல் லீவில் காட்பாடிக்காரர்கள் வந்தார்கள். பத்திரிகை விஷயம் திரும்பவும் வந்தது. ஏப்ரல் பத்துக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் போன பிறகு சந்தியா அவள் அப்பாவின் சட்டைகளை எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். தேடுகிறாய் அல்லவா?

பதில் போடு.
அக்கா

*

திருப்பதி
24 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

நிழல் பற்றிக் கேட்டிருந்தாய். இடப்பக்கப் படத்துக்கும் நடுப்படத்துக்கும் இடையில் இருபது வினாடி போகும். இரண்டிலும் பொதுவாக ஒரு பட்டை இருக்கும், அதற்குள் எங்காவது ஒட்டு விழும். முதல் படம் எடுத்தபோது ஒரு ஆள் அங்கே நின்றிருக்கிறார். காலை வெயில், நிழல் இடப்பக்கம் நீண்டிருக்கிறது. இரண்டாவது படத்துக்குள் அவர் போய்விட்டார். ஒட்டு சரியாக அவருக்கும் அவர் நிழலுக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. நிழல் முதல் படத்திலிருந்து வந்துவிட்டது. அவர் நின்ற இடம் இரண்டாவது படத்திலிருந்து வந்திருக்கிறது, அதில் வெறும் சாலைதான். கவனிக்காமல் விட்டது என் தப்பு. லாட்ஜ்காரருக்குத் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

யாரோ வழிப்போக்கர்.

சந்தியாவுக்கு என் அன்பு.
ஸ்டீவன்

*

சித்தூர்
3 மார்ச் 2025

தம்பி ஸ்டீவனுக்கு,

நான் இருக்கிறேன். என் முழங்காலை நீ விசாரிக்கவில்லை, ஆகவே அதைப் பற்றிச் சொல்லப் போவதில்லை.

ஒரு மாதம் கழித்துக் கடிதம். ஒட்டுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரே வரி. போன தடவை ரேணிகுண்டா, மிஷன் காம்பவுண்டு, நெல்லூர்க்கார தேவானந்தம் வரைக்கும் எழுதியவன், இந்தத் தடவை எங்கே தேடினாய் என்று மூச்சு விடவில்லை. என்னடா மறைக்கிறாய்? ஏதாவது ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டாயா? பிணவறையிலா? எதுவானாலும் சொல். பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் நான், இதற்கும் மேல் உடைவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

சபையில் வாய் சும்மா இருக்குமா? பெண்கள் ஐக்கிய சங்கத்து ரோஹிணி போன ஞாயிறு என் பச்சைச் சேலையைப் பிடித்துப் பார்த்து, "கலரெல்லாம் கட்டிக்கினு வர்றீங்களே டீச்சர், நல்ல மனோதைரியம்" என்றாள். அங்கேயே அறைந்திருப்பேன், திருவிருந்து ஞாயிறு என்று விட்டேன். லெந்து நாட்கள் தொடங்கப் போகின்றன. நான் உபவாசம் இருந்து ஜெபிக்கிற ஒரே விண்ணப்பம் இதுதான், அந்த ஒரு வார்த்தையைப் போடுவதா, விடுவதா.

உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் போட்டுவிடுவேன். சந்தியாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அக்கா

*

திருப்பதி
29 மார்ச் 2025

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

முழங்கால் எப்படி இருக்கிறது? உபவாசம் என்று சுகர் மாத்திரையை விட்டுவிடாதே. நான் சுகம்தான். தூக்கம் மட்டும் சரியில்லை.

லேட் போடாதே அக்கா.

இதற்கு மேல் கேட்காதே. ஒருவருக்கு வேதத்தின் மேல் கைவைத்து வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதுவதே பாதி வாக்குத் தவறியதுதான். இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவதாக இதை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் யோசித்துப் பார். ஒன்றரை வருஷமாக நீயும் நானும் சபை ஆட்களும் தேடினோமே, எங்கே தேடினோம்? எல்லாம் சிலுவை வைத்த வாசல்கள். நம் ஆள் நம் இடத்தில்தான் இருப்பார் என்று நாமாக முடிவு செய்துகொண்டோம்.

நானும் ஒன்று கேட்கிறேன். மாமா போவதற்கு முந்தின நாள் வீட்டில் என்ன நடந்தது?

உன் தம்பி
ஸ்டீவன்

*

சித்தூர்
9 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் தூக்கத்துக்காக ஜெபிக்கிறேன்.

பத்திரிகை அச்சாகிவிட்டது. இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன், முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். "திரு. ச. தேவானந்தம் – திருமதி எப்சிபா தேவானந்தம் ஆகியோரின் குமாரத்தி" என்று இருக்கும். முன்னால் ஒன்றும் இல்லை.

நீ கேட்டதற்கு இப்போது பதில் இல்லை.

அக்கா

*

சித்தூர்
25 ஏப்ரல் 2025

அன்புள்ள ஸ்டீவா,

உயிர்த்த கிறிஸ்துவின் சமாதானம் உனக்கு உண்டாகட்டும். சந்தியா சுகம். என் கதையைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கட்டிலுக்கு மேலே பார்த்தேன். சிலுவை இல்லாத வாசல். அலிபிரி. பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்தப் போகிறேன் என்று சந்தியாவிடம் பொய் சொல்லிவிட்டு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன். ஐம்பத்திரண்டு வயசில் அந்த மலையடிவாரத்தில் நான் கால் வைத்தது அதுதான் முதல். கோவிந்தா கோவிந்தா என்று ஜனங்கள் போகிறார்கள், நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுவில் நிற்கிறேன்.

படத்திலிருந்த மரத்துக்கு எதிரே ஒரு செருப்பு ஸ்டாண்டு. மலையேறுகிறவர்கள் செருப்பை விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போகிறார்கள். உள்ளே உன் மாமா.

தாடி வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. இடது தோள் இறங்கியபடியே இருக்கிறது. எதிரில் டீக்கடையோரம் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். பக்கத்துக் கடைக்காரன் ஏதோ சொல்ல, சிரித்தார். பொட்டலம் பிரித்து இட்லி சாப்பிட்டார். நாலு இட்லி. எண்ணினேன்.

நீ கேட்டாயே, முந்தின நாள் என்ன நடந்தது என்று. மூன்று மாதம் ஒரு வாய் சரியாகச் சாப்பிடாத மனுஷன், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டை நீட்டி, "எப்சி, இன்னொரு தோச ஊத்து" என்றார். பசி வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். என் வாயில் வந்தது வேறு. "அவன் இல்லாத வூட்ல உனக்கு எப்பிடிச் சோறு எறங்குது? அவன அங்க வுட்டுட்டு நீ மட்டும் எதுக்கு வந்தே?" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் அவரை நான் 'நீ' என்றது அன்றுதான். தட்டை வைத்தார், கை கழுவினார். மறுநாள் இல்லை. இதை நான் ஆயரிடம் சொல்லவில்லை, ஜெபத்தில்கூடப் பூசி மெழுகித்தான் சொன்னேன்.

பிறகு போய் என் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் நிமிரவில்லை. என் காலையும் செருப்பையும் பார்த்தார். டோக்கன் கொடுத்தார். "பாத்து ஏறுங்கம்மா, வெயிலு" என்றார். எல்லாரிடமும் சொல்கிறதுதான்.

நான் பத்துப் படி ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியதைக் கூட்டிக் கூட்டி வைத்தேன். தப்பாச் சொல்லிட்டேன், வாங்க போலாம். இவ்வளவுதானே? ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்து டோக்கனை நீட்டினேன். வலது செருப்பின் வார் அறுந்து ஊக்குக் குத்தி வைத்திருந்தேன். அந்த வாரைத் தைத்திருந்தார். வீட்டில் ஒரு ஆணி அடிக்கத் தெரியாத மனுஷன், எவ்வளவு நெருக்கமாகத் தைத்திருந்தார் தெரியுமா! கழற்றிய ஊக்கையும் தொலைந்துபோகாமல் வாரிலேயே குத்தி வைத்திருந்தார்.

என் வாய் திறந்தது. "தச்சதுக்கு எவ்ளோ?" என்று கேட்டேன். பாவி, அதைத்தான் கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம்மா" என்றார். தரையைப் பார்த்தபடியே சொன்னார். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். வந்துவிட்டேன்.

ஸ்டீவா, என்னால் முடியாதது உன்னால் முடியும். பத்திரிகையை அவர் கையில் கொடு. அக்கா தப்பை ஒத்துக்கொண்டாள், வீட்டுக்கு வரச் சொன்னாள் என்று சொல். தோசை ஊற்றுவாள் என்றும் சொல்.

எப்சிபா

*

திருப்பதி
6 மே 2025

அக்காவுக்கு,

உன் முழங்காலையும் சுகரையும் விசாரிக்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

கடிதம் கிடைத்த அன்றே பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனேன். மாமா இல்லை. ஸ்டாண்டு முதலாளி முனிரத்தினம்தான் உட்கார்ந்திருந்தார். "ஏமோ தெலீது சார், இன்னான்னே தெரியல. ஒரு அம்மா வந்து செருப்பு வுட்டாங்க. அன்னிக்குச் சாயந்தரமே போறேன்னுட்டான். எங்கடான்னா ஒண்ணியும் சொல்லல. நல்ல மனுசன் சார், ஒரு டோக்கன் மாறினது கெடையாது" என்றார். பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் மூன்று நாளாகக் கேட்டுப் பார்த்தேன். பாகாலா வரை போய் வந்தேன்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. நீ நிழலைப் பற்றி எழுதிய பிறகுதான் இடப்பக்கப் படத்தைத் தனியாகத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். கோணியில் செருப்புகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு மாமா நிற்கிறார். நானே எடுத்த படம். அவர் நின்ற இடத்தில் ஒட்டு விழுந்ததால் எனக்கே தெரியவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். ஓடிவிடுவாரோ என்று கையைப் பிடித்துக்கொண்டேன். "ஸ்டீவா, இங்க யாரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்ல. கேக்காத எடத்துல சோறு எறங்குது. அவகிட்ட சொல்லாத" என்று சொல்லி வாக்கு வாங்கினார். நீ என்ன சொன்னாய் என்று அவர் சொல்லவே இல்லை. நான் துருவிக் கேட்டதற்கு, "எப்சி மேல ஒரு தப்பும் கெடையாது" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் என் வாக்கைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிப்ரவரியிலேயே உன்னைக் கூட்டிக்கொண்டு போய் நேரே நிறுத்தியிருந்தால்? பாதியைச் சொல்லி பாதியை விழுங்கியதால் நீ தனியாகப் போக வேண்டியதாயிற்று. என்னை மன்னித்துவிடு.

அந்த இடப்பக்கப் படத்தைத் தனியாகப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். முகம் தெரிகிறது.

கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவேன்.
ஸ்டீவன்

*

சித்தூர்
28 மே 2025

அன்புத் தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? இருமல் கூடினதா? கோவில் வாசலில் அந்த வெயிலில் டிரைபாடோடு நின்றாயே, உன் முகம் பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது. நான் சுகம். வீடுதான் ரொம்பப் பெரிதாகிவிட்டது.

நீ வெளியே ஜனங்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தபோது உள்ளே ஆயர் பதிவேட்டைத் திறந்தார். தகப்பன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வெளியூர்ல இருக்காருங்க" என்றேன். பொய் இல்லை. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவே இந்தக் கடிதம். காலையில் சந்தியாவுக்குப் பூ வைத்துவிடும்போது எனக்குத் தாங்கவில்லை. இந்த மூட்டையோடு பிள்ளையை அனுப்பக் கூடாது என்று தோன்றியது. தோசை, நான் சொன்னது, அலிபிரி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் சொன்னேன்.

"தெரியும்மா" என்றாள். "தோச கேட்டது, நீ சொன்னது, எல்லாம் நான் ரூம்லேந்து கேட்டுக்கினுதான் இருந்தேன்."

பூச்சரத்தைக் கட்டிலில் வைத்துவிட்டேன்.

"மறுநாளும் முழிச்சிக்கினுதாம்மா இருந்தேன். நைனா பையத் தூக்கிக்கினு கதவத் தொறந்தாரு. என்னப் பாத்தாரு. சத்தம் போடாதேன்னு கை காட்டினாரு. உன் மேல இருந்த கோவத்துல நானும் கூப்டல. போவட்டும், அம்மாவுக்கு வேணும்னு நெனச்சேன். சாயந்தரம் வந்துடுவாருன்னு நெனச்சேம்மா."

நானும் அவளும் ஒரே வீட்டில் இத்தனை நாள் ஒரே கல்லை மென்றுகொண்டிருந்திருக்கிறோம் ஸ்டீவா, ஆளுக்கொரு மூலையில்.

"கூப்ட்டிருந்தா நின்னிருப்பாரு இல்லம்மா?" என்று கேட்டாள்.

அதற்குள் கோவில் மணி அடித்துவிட்டது. முக்காட்டைச் சரிசெய்து, தகப்பன் பிடிக்க வேண்டிய கையைப் பிடித்துக் கொண்டுவந்து, பீடத்துக்கு அழைத்துப்போக உன்னிடம் கொடுத்தேன்.

மருந்தை மறக்காமல் குடி.
அக்கா